பத்து மணி நேரமும் பதினைந்து மணி நேரமும்

தொழிற்புரட்சிக் காலத்துப் பெண் தொழிலாளர்களையும் அவர்களுக்கென்று வந்த சட்டங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான பதில்கள் பிரிட்டனைச் சுற்றியே வரும். ஆலை முதலில் முளைத்த இடம் அது. ஆலைச் சட்டத்தில் முதலில் ஓட்டை போட்ட இடமும் அதுதான்.

பிரிட்டனில் 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் வந்தவுடன் ஆலைப் பெண்களுக்கு வேலை நேரம் குறைந்துவிட்டதா? – கோவை வாசகர்

இல்லை. மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். எப்படி என்று தெரிய வேண்டுமானால் 1844-லிருந்து தொடங்க வேண்டும்.

1833 சட்டம் சிறுவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மட்டும்தான் நேர வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் ஆய்வாளர்கள் நான்கே பேர். வயது வந்த பெண்களின் வேலை நேரத்தை முதன்முதலில் கட்டுப்படுத்தியது 1844 சட்டம்: நாளுக்கு 12 மணி. 1847 சட்டம் அதை இரண்டு படியாகக் குறைத்தது. அந்த ஜூலையிலிருந்து வாரத்துக்கு 63 மணி. 1848 மே 1 முதல் 58 மணி. அதாவது ஐந்து நாள் பத்து மணி, சனிக்கிழமை எட்டு மணி.

ஆனால் பழைய சட்டத்தின் ஒரு பகுதி மாறாமல் கிடந்தது. காலை 5.30-க்கும் இரவு 8.30-க்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்பதே அது. 15 மணி நேர வெளி; அதற்குள் பத்து மணி நேர வேலை. 1847-ல் வியாபாரம் மந்தம், பல ஆலைகள் அரை நேரம்தான் ஓடின, எனவே யாரும் சண்டை போடவில்லை. சந்தை நிமிர்ந்ததும் முதலாளிகள் அந்த 15 மணி வெளியைக் கண்டுகொண்டார்கள். ஒரு பெண்ணைக் காலையில் இரண்டு மணி நேரம் தறியில் நிறுத்துவது, ஒரு மணி நேரம் வெளியே அனுப்புவது, மறுபடி கூப்பிடுவது, அந்த இடைவெளியில் இன்னொருத்தியை நிறுத்துவது. ஒவ்வொருத்தியும் வேலை செய்வது கணக்கில் பத்து மணிதான். ஆலை வாசலில் கிடப்பது விடியலிலிருந்து இரவு வரை. இதற்கு 'ரிலே' முறை என்று பெயர்.

முறை கெட்டது என்பதைவிட, அதை நிரூபிக்க முடியாது என்பதே பெரிய சிக்கல். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஆய்வாளர் வாசலில் நின்றாலே போதும். முந்நூறு பேர் முந்நூறு விதமாக வந்து போனால் ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஆய்வாளர் நடக்க வேண்டும். இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயரின் ஆய்வாளர் லெனர்ட் ஹார்னர் வழக்கு மேல் வழக்குப் போட்டார். பல ஊர்களில் நீதிபதி இருக்கையில் இருந்தவர்கள் ஆலை முதலாளிகளோ அவர்களுக்கு வேண்டியவர்களோதான். கடைசியில் 1850 பிப்ரவரியில் லண்டனின் உயர் நீதிமன்றங்களில் ஒன்றான எக்ஸ்செக்கர் நீதிமன்றம் முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தண்டனை விதிக்கும் சட்டத்தை எழுத்துப்படிதான் படிக்க வேண்டும்; இடைவிடாமல் பத்து மணி என்று எழுத்தில் இல்லை என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் வேறு வழியில் போனது. எத்தனை மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, எப்போதிலிருந்து எப்போது வரை என்று பிடித்தது: காலை 6 முதல் மாலை 6 வரை, அல்லது 7 முதல் 7 வரை. நடுவே சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மூடியாக வேண்டும். கூட்டினால் வாரத்துக்கு 60 மணி. தொழிலாளர்கள் இரண்டு மணி நேரம் இழந்தார்கள். அதற்காகத் தலைவர்களைத் துரோகிகள் என்று திட்டியவர்களும் உண்டு. எங்கள் பார்வையில் அந்த இரண்டு மணி நேரம் நல்ல விலைதான். 58 மணி காகிதத்தில் இருந்தது. 60 மணியை வாசலில் நின்றே சரிபார்க்க முடிந்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் கால்பந்துக்கான நேரமாக ஆனதற்கும் இந்த 2 மணி மூடல்தான் அடித்தளம்.

ஆண்களுக்கு ஏன் வரம்பு இல்லை என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். வயது வந்த ஆண் தன் விருப்பப்படி ஒப்பந்தம் செய்பவன், அதில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய நாடாளுமன்றத்தின் கொள்கை. ஆனால் பெண்களும் சிறுவர்களும் எழுந்து போய்விட்டால் நூற்பாலையை ஓட்ட முடியாது, நீராவி எஞ்சினை நிறுத்தத்தான் வேண்டும். ஆண் தொழிலாளர் தலைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெண்களின் பாவாடைக்குப் பின்னால் நின்று ஆண்கள் போராடினார்கள் என்று கேலி இருந்தது.

ஆலைக் கடிகாரத்தையே திருத்தி வைப்பார்களாமே? – ஈரோடு வாசகி

உண்மை. சில ஆலைகளில் இரட்டை முகக் கடிகாரமே இருந்தது. ஒரு முகம் ஊர் நேரம் காட்டும். மற்றொன்று நீர்ச்சக்கரத்தோடு இணைக்கப்பட்டு 'ஆலை நேரம்' காட்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்து சக்கரம் மெதுவாகச் சுற்றினால் ஆலை நேரமும் மெதுவாகப் போகும். அது ஆறு மணி காட்டும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் 1844 சட்டம், வேலை நேரத்தை ஊரில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்றது. தொடங்கும் நேரம், சாப்பாட்டு நேரம், முடியும் நேரம் மூன்றையும் எழுதி ஆலைக்குள் தொங்கவிடவும் சொன்னது.

அதற்குப் பிறகு திருட்டு நிமிடக் கணக்குக்கு இறங்கியது. எஞ்சினைச் சற்று முன்னதாக ஓடவிடுவது, சற்றுத் தாமதமாக நிறுத்துவது. காலை உணவுக்கு முன், மதிய உணவுக்கு முன், அதற்குப் பின் என்று நாளுக்கு மூன்று வேலைப் பொழுதுகள். தொடக்கமும் முடிவும் சேர்த்து ஆறு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் கிள்ளினால் நாளுக்கு அரை மணி நேரம். லங்காஷயர் நெசவாலைகளில் இந்தக் கிள்ளல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஓயவில்லை.

எங்கள் ஊரில் பீஸ் ரேட்தான். அந்தக் கால நெசவாலைப் பெண்களுக்கும் பீஸ் ரேட் என்றால், ஏமாற்றாமல் இருக்க என்ன செய்தார்கள்? – திருப்பூர் வாசகி

நல்ல கேள்வி. மணிக்கூலியில் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். பீஸ் ரேட்டில், அதாவது நெய்த அளவுக்குக் கூலி என்ற முறையில், நான்கைந்து எண்கள் தெரிந்தால்தான் கூலி சரியா என்று சொல்ல முடியும்.

பருத்தி நெசவில் ஒரு துணிக்கான கூலி அதன் நீளம், அகலம், பாவு (நீளவாட்டு நூல்) நெருக்கம், அங்குலத்துக்கு எத்தனை பிக் (குறுக்கே ஓடும் ஊடை நூல் வரிசை) என்பவற்றைப் பொறுத்தது. தறியில் ஒரு பல்சக்கரத்தை மாற்றினால் பிக் கூடிவிடும். நெய்பவளுக்கு வேலை கூடும், சீட்டில் பழைய எண்ணே இருக்கும். பாவு 100 கஜம் என்று சொல்லிச் சற்று அதிகமாகவே சுற்றித் தருவதும் உண்டு. கூலிப் பட்டியல் என்னவோ இருந்தது. பிளாக்பர்ன் நகரில் 1853-லும், லங்காஷயர் நெசவுக்கெல்லாம் பொதுவாக 1892-லும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஒப்புக்கொண்ட பட்டியல்கள் அவை. அந்தப் பட்டியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆனால் தன் தறியில் ஓடும் துணியின் எண்கள் தெரியாதவளுக்குப் பட்டியல் இருந்தும் பயனில்லை.

அந்த ஓட்டையை அடைத்தது 1891 சட்டத்தின் 'விவரம் தரும்' பிரிவு. வேலையைக் கையில் கொடுக்கும்போதே, கூலி விகிதத்தையும் வேலையின் அளவுகளையும் எழுத்தில் தர வேண்டும். 1895-க்குப் பிறகு மற்றத் தொழில்களுக்கும் இதை நீட்டிக்க வழி செய்தார்கள். 1901 சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போனது. உற்பத்தியை அளக்கத் தானியங்கி எண்ணியைப் பயன்படுத்தினால், அதன் சக்கரங்களின் பல் எண்ணிக்கையையும் உருளையின் விட்டத்தையும் அதன் பெட்டி மேலேயே பொறித்திருக்க வேண்டும். அப்போதுதான் தொழிலாளி தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். சட்டம் எழுதியவர்களுக்குத் தறி தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அபராதத்துக்கும் இதே வைத்தியம்தான். 1896-ஆம் ஆண்டின் கூலிப் பிடித்தச் சட்டத்தின்படி, எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும் அல்லது தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்தச் செயல் முதலாளிக்கு நட்டமோ வேலைக்கு இடையூறோ தருவதாக இருக்க வேண்டும். தொகை நியாயமாக இருக்க வேண்டும். பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் விவரம் தர வேண்டும். பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அபராதத்தையே ஒழிக்க வேண்டும் என்று பெண் தொழிற்சங்கத்தினர் கேட்டார்கள். அது கிடைக்கவில்லை.

தீப்பெட்டித் தொழிலில் தாடை அழுகும் நோய் இருந்ததாகப் படித்தேன். இங்கே எங்கள் பாட்டிமார் காலத்திலும் அது இருந்ததா? – சாத்தூர் வாசகர்

முதலில் நோய். அன்றைய தீக்குச்சியின் மருந்தில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவி விடும். மருந்து கலக்குபவர், முக்குபவர், காயவைத்த குச்சியைப் பெட்டியில் அடைப்பவர் எல்லோரும் அந்த ஆவியைச் சுவாசித்தார்கள். பெட்டியில் அடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சொத்தைப் பல் இருந்தாலோ பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருந்தாலோ அந்த வழியே தாடை எலும்பில் இறங்கும். பல்வலியாகத் தொடங்கும், வீங்கும், சீழ் வைக்கும், நாற்றம் தாங்க முடியாது. எலும்பு செத்துத் துண்டு துண்டாக வரும். மருத்துவர்களால் செய்ய முடிந்தது தாடையை வெட்டி எடுப்பது மட்டுமே. வியன்னா மருத்துவர் லோரின்ஸர் 1845-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்.

மாற்றும் அப்போதே இருந்தது. சிவப்புப் பாஸ்பரஸ் ஆவி விடாது. அதைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவும் பாதுகாப்புத் தீக்குச்சியை ஸ்வீடன்காரர்கள் 1850-களிலேயே விற்றார்கள். ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி மலிவு, சுவரிலும் செருப்பிலும் எங்கே உரசினாலும் பற்றும். வாங்குபவர்கள் அதைத்தான் கேட்டார்கள். பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் தடை செய்தன. ஏற்றுமதிச் சந்தை போய்விடும் என்று பிரிட்டன் இழுத்தது. 1898-ல் பிரெஞ்சு அரசின் தீப்பெட்டி ஆலைகளுக்காக சேவென், காயென் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு குச்சியைச் செய்து காட்டினார்கள். எங்கே உரசினாலும் பற்றும், நோய் தராது. அதன் பிறகு சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 1906-ல் பெர்ன் நகரில் பன்னாட்டு ஒப்பந்தம். பிரிட்டன் 1908-ல் சட்டம் இயற்றி 1910 முதல் தடை செய்தது. அமெரிக்காவில் மாநிலங்களுக்குள் நடக்கும் உற்பத்தியைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று கருதப்பட்டதால், 1912-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி நூற்றுக்கு 2 சென்ட் வரி போட்டார்கள். அந்த வரி கட்டி யாரும் தீப்பெட்டி விற்க முடியாது.

இந்தியாவில் தடைச் சட்டம் 1913-ல் வந்தது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது 1920-களில். ஆகவே இந்த நோய் உங்கள் ஊர்த் தொழிலோடு வரவில்லை. அங்கே நடந்த தீ விபத்துகளும் குழந்தை உழைப்பும் வேறு கதை.

1888 தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தத்தை நடத்திய அன்னி பெசன்ட், நம் அடையாறு அன்னி பெசன்ட்தானா? – சென்னை வாசகி

அவரேதான். 1907-ல் பிரம்மஞான சபைத் தலைவராகி அடையாறில் வாழ்ந்து 1933-ல் மறைந்தவர். ஆனால் 'நடத்திய' என்பதைச் சற்றுத் திருத்த வேண்டும்.

கிழக்கு லண்டன் 'பிரையன்ட் அண்ட் மே' ஆலை பற்றி அவர் 1888 ஜூன் 23-ல் தன் 'தி லிங்க்' வார இதழில் எழுதினார். பங்குதாரர்களுக்குக் கொழுத்த லாபம், பெண்களுக்கு வாரம் சில ஷில்லிங், அதிலும் அபராதம்: காலில் அழுக்கு இருந்தால் 3 பென்ஸ், எரிந்த குச்சியை மேசையில் விட்டால் ஒரு ஷில்லிங். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) கட்டுரை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையை விட்டு நீக்கியதும் ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியேறிவிட்டார்கள். பெசன்ட் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவில்லை. அவர் கேட்டது அந்தத் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான். அவர்கள் வெளியே வந்த பிறகு நிதி திரட்டியதும், நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அழைத்துப் போனதும், சங்கத்தின் முதல் செயலாளராக இருந்ததும் அவர் பங்கு.

இரண்டு வாரத்துக்குள் அபராதமும் பிடித்தங்களும் ஒழிந்தன, சாப்பிடத் தனி அறைக்கு ஒப்புதல் கிடைத்தது. பாஸ்பரஸ் ஆவி படியும் மேசையிலேயே ரொட்டி தின்ற பெண்களுக்கு அந்த அறை சின்ன விஷயமல்ல. ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் போகவில்லை. அந்த ஆலை அதைக் கைவிட்டது 1901-ல். பாஸ்பரஸ் நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1895-ல் சட்டமானது. 17 பேரின் நோயை மறைத்ததற்காக 1898-ல் அதே ஆலைக்கு 25 பவுண்டுச் சொச்சம் அபராதம். முன்பு பெண்கள் செலுத்திய அபராதங்களோடு ஒப்பிட்டால் நிறுவனத்துக்கு அது வலித்திருக்காது.

பெசன்ட்டின் சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாதான் 1918 ஏப்ரல் 27-ல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களுக்கு ஆலைச் சட்டம் உதவியதா? – மதுரை வாசகி

உதவவில்லை. வாசலில் நின்று எண்ண அங்கே வாசலே இல்லை. அவர்களுக்கு நேர வரம்பைவிடக் கூலி வரம்புதான் கைகொடுத்தது. பிரிட்டனில் அது முதலில் நடந்த இடம் பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள கிரேட்லி ஹீத்.

அங்கே பெண்கள் செய்தது சங்கிலி. வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை, உலை, துருத்தி, பட்டடைக்கல். இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, வெட்டி, வளைத்து, முந்தைய கண்ணியில் கோத்து, மறுபடி காய்ச்சி அடித்து ஒட்ட வேண்டும். கம்பி தருபவரும் சங்கிலி வாங்குபவரும் இடைத்தரகர். அவர் சொல்வதே விலை. உலைக்கரிச் செலவு பெண்ணுடையது. வாரம் 54 மணி நேரம் அடித்தாலும் 5 ஷில்லிங் தேறுவது பெரும்பாடு.

1909-ல் வந்த தொழில் வாரியச் சட்டம் நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சொன்னது: சங்கிலி, லேஸ் வேலை, காகிதப் பெட்டி, ஆயத்த ஆடை. 1910-ல் சங்கிலி வாரியம் பெண்களுக்கு மணிக்கு இரண்டரை பென்ஸ் என்றது. 54 மணிக்குப் பெருக்கினால் 11 ஷில்லிங் 3 பென்ஸ். ஏறத்தாழ இரண்டு மடங்கு. சட்டத்தில் ஓர் இடுக்கு விட்டிருந்தார்கள்: தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே தரலாம். முதலாளிகளும் தரகர்களும் படிக்கத் தெரியாத பெண்களிடம் அந்தத் தாளை நீட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் மலிவுக் கூலியில் சங்கிலியைக் குவித்துவிட்டு, புதிய கூலி வரும்போது வேலை இல்லை என்று சொல்லிவிடலாம் என்பது கணக்கு.

தேசியப் பெண் தொழிலாளர் கூட்டமைப்பின் மேரி மக்கார்த்தர் இதைப் பிடித்துவிட்டார். கையெழுத்துப் போட மறுத்த நூற்றுக்கணக்கான பெண்கள் ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் வேலையில்லாமல் நின்றார்கள். மக்கார்த்தர் செய்தித்தாள்களை மட்டும் நம்பவில்லை; திரையரங்குகளில் ஓடும் செய்திப்படத்தையும் வரவழைத்தார். வயதான பெண்கள் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் படங்கள் நாடெங்கும் போயின. ஏறத்தாழ 4,000 பவுண்டு நிதி சேர்ந்தது. அக்டோபர் 22-ல் கடைசி முதலாளியும் கையெழுத்திட்டார். மிஞ்சிய பணத்தில் தொழிலாளர் மன்றம் ஒன்று கட்டினார்கள்.

பெண் ஆய்வாளர்கள் எப்போது வந்தார்கள்? அவர்களால் என்ன மாறியது? – யாழ்ப்பாணம் வாசகி

1893-ல் மே ஏப்ரகாம், மேரி பேட்டர்சன் என்று இரண்டு பேர். ஆண் ஆய்வாளரிடம் பெண்கள் சொல்லத் தயங்கிய கழிப்பறை வசதி, கர்ப்பம், மேஸ்திரியின் தொல்லை எல்லாம் அதன் பிறகுதான் அறிக்கையில் ஏறின. தங்கள் வழக்குகளை நீதிமன்றத்தில் அவர்களே வாதாடினார்கள். ஈயம், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு ஆகியவற்றின் தீங்கைப் பதிவு செய்ததிலும் முன்னால் நின்றார்கள். லூசி டீன் கல்நார்த் தூசு பற்றி எச்சரித்தது 1898-ல்.

ஆனால் அவர்களையும் கட்டிப்போட்ட சொற்கள் சட்டத்தில் இருந்தன. பிரசவமான நான்கு வாரத்துக்குள் ஒரு பெண்ணை 'தெரிந்தே' வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1891 சட்டம். எனக்குத் தெரியாது என்று முதலாளி சொன்னால் வழக்கு முடிந்தது. அந்த நான்கு வாரத்துக்குக் கூலியும் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்காக அந்தப் பெண்ணே பிரசவத் தேதியை மறைப்பாள். 1911 காப்பீட்டுச் சட்டம் 30 ஷில்லிங் மகப்பேற்று உதவி கொண்டுவந்த பிறகுதான் கையில் கொஞ்சம் காசு வந்தது.

இந்தச் சட்டங்கள் பெண்களின் வேலையையே பறித்தன என்று சொல்வது சரியா? – திருநெல்வேலி சட்ட மாணவி

சில இடங்களில் சரி. 1842 சுரங்கச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடியிலிருந்து வெளியேற்றியது. வெளியேறிய பெண்களுக்கு மாற்று வேலையோ உதவித்தொகையோ சட்டத்தில் இல்லை. 1880-களில் மேற்பரப்பில் நிலக்கரி பொறுக்கும் வேலையையும் தடை செய்யப் பார்த்தபோது, விகன் பகுதிப் பெண்கள் லண்டனுக்கே போய் அதைத் தடுத்தார்கள்.

இரவு வேலைத் தடைதான் உங்கள் ஆய்வுக்கு நல்ல பொருள். பாஸ்பரஸைத் தடுத்த அதே 1906 பெர்ன் கூட்டத்தில் பெண்களின் இரவு வேலைக்கும் ஒப்பந்தம் போட்டார்கள்: இரவு 10 முதல் காலை 5 வரையிலான நேரத்தை உள்ளடக்கி, 11 மணி நேரம் ஓய்வு. 1919-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அதை எடுத்துக்கொண்டது. 2025 வரை நடப்பில் இருந்த நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலும், மாநில அரசு தளர்த்தவே முடியாத நேரமாக அதே 10 முதல் 5 இருந்ததைப் பார்க்கலாம். பெண்களின் இரவு வேலையைத் தடுத்த, அந்தப் பிரிவின் 1(பி) உட்பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பாலினப் பாகுபாடு என்று ரத்து செய்தது. தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். தடையை எடுத்ததோடு நிற்காமல் போக்குவரத்து, குறைந்தது பத்துப் பெண்கள் கொண்ட குழு, முந்தைய ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் இடையே 12 மணி நேர இடைவெளி என்று நிபந்தனைகளையும் விதித்திருக்கிறது. இவற்றை யார், எந்தப் பதிவேட்டை வைத்துச் சரிபார்ப்பது என்பதிலிருந்து உங்கள் ஆய்வைத் தொடங்கலாம்.